ஒற்று மிகும் இடம்

குளியல் தொட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, அடியில் போகும் கழிவுக் குழாயின் வளைவைத் திருகித் திறந்தாள். அவள் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது ஒரு கொத்துத் தலைமுடி. நீளமான முடி. அவளுக்கோ காதோடு வெட்டிய கிராப்.

ஆக, சந்தேகம் சரிதான். அவள் வேலைக்குப் போகும் பகலில் இன்னொருத்தி வந்து, சாவகாசமாகக் குளித்துவிட்டுப் போகிறாள்!

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இந்தத் தொட்டி அவளைப் படுத்தியெடுத்தது. காலையில் குளித்துவிட்டுப் போவாள். சாயங்காலம் திரும்பினால், யாரோ சற்றுமுன் எழுந்து ஈரக்காலோடு நடந்ததுபோல் படுக்கையறை வாசல்வரை தண்ணீர் வந்திருக்கும். பலகைக்குப் பின்னால் சொட்டு... சொட்டு என்று சத்தம் வேறு.

அவள் கணவர் அந்தத் தொட்டிக்குள் கால் வைத்ததே இல்லை. அவருக்கு ஒரு வாளியும் குவளையும் போதும்.

"பிளம்பரைக் கூப்பிடுங்களேன்" என்றால், "வேண்டாம்மா, நானே பாக்கறேன்" என்பார். அவர் பார்க்கிற லட்சணம் தெரிந்து, இன்று லீவு போட்டு அவளே ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டாள்.

மனிதர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். தங்கள் கல்யாணப் பத்திரிகையையே நாலு தரம் திருப்பி அனுப்பியவர். எங்காவது ஒரு ஒற்று விட்டுப்போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. அச்சகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'பிழையார்'.

கல்யாணத்துக்கு முன் அவரிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உங்க மொத சம்சாரம்...?"

"அவளத் தலைமுழுக்கிட்டேன்."

"தலைமுழுகிட்டேன்னு சொல்லுங்க! பிழையாருக்கே ஒரு 'க்' கூடிப்போச்சா!"

அவளுக்குச் சிரித்து மாளவில்லை. அவரும் கூடச் சிரித்தார். முதல் மனைவி யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்றுதான் தெருவே சொன்னது. ஓடிப்போனவளைக் கைகழுவிவிட்ட மனுஷன், அது போதும் என்று இவளும் கழுத்தை நீட்டினாள்.

கைகழுவினாராம், கை! அந்த மகராசி இங்கே தலைக்கே குளித்துவிட்டுப் போகிறாளே. வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான். வயிற்றெரிச்சலோடு குழாய்க்குள் மறுபடி விரலை விட்டாள்.

முடியில் சிக்கிக்கொண்டு ஒரு கம்மல் வந்தது. துடைத்துப் பார்த்தாள். பின்பக்கத் திருகாணி இறுகத் திருகியபடி அப்படியே இருந்தது.

தானாகக் கழன்று விழுகிற கம்மலில் திருகாணி எப்படி இருக்கும்? காதைக் கிழித்துக்கொண்டு வந்தால்தான் இருக்கும்.

முடியை இப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தாள். பாசி பிடித்து, நைந்து, வருஷக்கணக்கில் ஊறிய முடி. குழாயை அடைத்துக்கொண்டு இதுதான் இத்தனை நாளும் அவளுடைய குளியல் தண்ணீரையே அவளிடம் திருப்பி அனுப்பியிருக்கிறது. இந்த வீட்டுக்கு யாரும் வந்து போகவில்லை.

வாசல் கதவு திறந்து மூடியது. என்றைக்கும் இல்லாமல் சீக்கிரமே வந்துவிட்டார். குளியலறை வாசலில் நின்று முதலில் குழாயைப் பார்த்தார், பிறகு அவள் உள்ளங்கையைப் பார்த்தார். அச்சுப்படியைப் பார்க்கிற அதே நிதானம்.

"நானே பாக்கறேன்னு சொன்னேனே" என்றார்.

அவளுக்கு அந்த 'க்' நினைவுக்கு வந்தது. முழுகினால், ஒருத்தர் தாமாகவே தண்ணீரில் முழுகுவது. முழுக்கினால் இன்னொருத்தரைப் பிடித்துத் தண்ணீருக்குள் முழுக்குவது. சிரித்துச் சிரித்துத் தானே திருத்திக் கொடுத்த அந்த ஒரு எழுத்து!

"ஏங்க... அன்னிக்குத் 'தலைமுழுக்கிட்டேன்'னு சொன்னீங்களே, அது வாய் தவறி வந்ததுதானே?" சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "பிழைதானே அது?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழாயை இருந்தபடியே மாட்டிவிட்டு, கம்மலையும் மறந்துவிட்டுக் காலம் பூராவும் வாழ்ந்துவிடுவாள்.

அவர் உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டார். தொட்டியின் ஓட்டையில் அடைப்பானை அழுத்திவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்தார்.

"அதுல பிழையே இல்லம்மா."