பிரேக் பிடிக்கவில்லை

"நான்தான் எம்.டி., சொல்லுங்க," என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கியபடி.

சைக்கிள் கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரியான கணவன் தொண்டையைச் செருமினான். "மேடம், குழந்தைங்க சைக்கிள்ல பிரேக் சரியா பிடிக்கல. விற்பனையை நிறுத்தணும்."

"நஷ்டத்துக்கு உங்க அப்பாவா பதில் சொல்வாரு?" என்று சீறினாள்.

அவன் ஒத்திகையைப் பாதியில் நிறுத்தினான். "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வாயடைச்சுப் போயிடறேன்."

"அடைக்கக் கூடாது. மறுபடி சொல்லுங்க."

"ஒரு குழந்தை விழுந்தா அதுக்கு யார் பதில் சொல்றது மேடம்?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இதை நாளைக்கு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"உனக்குத்தான் இப்பவே தெரிஞ்சுபோச்சே, நீயே நிறுத்திடேன்!"

"வீட்டுல கேட்டு நிறுத்தினா தலையணை மந்திரம்னு சொல்லுவாங்க. அங்கே நான் கத்தினாலும் நீங்க அசையாம நின்னாத்தான், மத்தவங்களும் வாயைத் திறப்பாங்க," என்றாள் அந்தக் கம்பெனியின் முதலாளியம்மா.