நாற்பத்தைந்து பாண்டு

எதிர்வீட்டு வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலிலிருந்து குப்புராஜின் குறட்டை சீராக வர ஆரம்பித்ததும், ஸ்ரீநிவாசராகவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். உச்சி வெயில். மாடம்பாக்கத்தில் அந்த நேரத்தில் நாய்கூட விழித்திருக்காது.

திருடுவது என்று ஆனபிறகு கணக்காகத் திருட வேண்டும் என்பது ராகவனின் கட்சி. காலையிலேயே, மனைவி பட்டு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, தெருவிலிருந்து தன் வீட்டு வாசல்வரை மண்வழியை அளந்துவிட்டான்.

"நீளம் முப்பதடி, அகலம் மூணடி. கால் அடி கனத்துக்கு ஜல்லி போட்டா இருபத்திரண்டரை கன அடி. ஒரு பாண்டுச் சட்டி அரை கன அடி பிடிக்கும். நாற்பத்தஞ்சு பாண்டு போதும்டி."

"ஏன்னா, கடையில வாங்கினா பிராணனா போயிடும்?"

"நாம ஏன் வாங்கணும்? வழி போட்டுத் தரேன்னு சொல்லித்தானே அந்தக் குப்புராஜ் நம்ம தலையில இந்த மனையைக் கட்டினான்? இப்ப பாரு, தன் வீட்டுக்கு மாடி கட்டறதுக்கு ஜல்லி இறக்கிட்டான்."

"என்னவோ பண்ணுங்கோ. போன மழையில அந்தச் சேத்துல நான் விழுந்தது போறும். இந்த ஐப்பசியில கால் வழுக்கித்தோ, நேரா மாம்பலம், அண்ணா ஆத்துக்குத்தான். நீங்க தனியா சமைச்சுச் சாப்பிடுங்கோ."

பட்டு சொன்னால் செய்கிறவள். ராகவன் அடுப்பில் வைத்தால் வெந்நீர்கூட அடிப்பிடிக்கும்.

ஒரு மாட்டு வண்டி ஜல்லி வழியின் முனையிலேயே குவிந்து கிடந்தது. பாண்டும் மண்வெட்டியும் அதன்மேலேயே கிடந்தன. சாமானை இப்படிப் போட்டு வைத்தவன் பறிகொடுக்கத்தான் பிறந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே ராகவன் துண்டைச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்தான்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரவு ஷிப்ட் பார்க்கிறவனுக்குப் பகல் தூக்கம் சோறு மாதிரி. அதை விட்டுவிட்டுத் தினமும் ஐந்தாறு பாண்டு சுமந்தான். கிளம்புமுன் மிச்சத்தைக் கூம்பாகக் குவித்து, உயரம் குறையாத மாதிரி ஒப்பேற்றிவிட்டு வந்தான். இடுப்பு விட்டுப்போயிற்று. மனசாட்சி மட்டும் சௌக்கியமாக இருந்தது.

கணக்கில் அவன் அடியில் ஈரம் காயாத சேற்றைச் சேர்க்கவில்லை. முதல் நாள் போட்டதை மறுநாள் காணோம், மண் விழுங்கியிருந்தது. போடப் போட உள்வாங்கியது. குவியலோ வைக்கோல்போர் அளவிலிருந்து எருக்குழி மேடாகி, பிறகு அதுவும் இல்லாமல் கரைந்துகொண்டே வந்தது. இனி எப்படிக் கூம்பாக்கினாலும் அது குருட்டுக் கண்ணுக்குக்கூடத் தெரியும்.

குப்புராஜுக்குத் தெரியவில்லை. விடிகாலையில் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ராகவனை, டீ கிளாஸும் கையுமாக மடக்கினான்.

"இன்னா ஐயரே, ஆளு எளைச்சிகினே போற?"

"ஐயர் இல்லை, ஐயங்கார்."

"எதுவோ ஒண்ணு. வேலை ஜாஸ்தியா?"

"ம்... கொஞ்சம்."

"நல்லாத் துண்ணு ஐயரே. பாரம் தூக்கற ஒடம்பு."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்ன பாரம் என்று இந்த எருமைக்கு எங்கே தெரியப்போகிறது என்று ராகவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அன்று மத்தியானம் கை வியர்த்து, ஜல்லியோடு பாண்டு நழுவியது. தகரமும் கல்லும் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாக எழும்பின. ராகவன் கட்டிலைப் பார்த்தான். குறட்டை மட்டும் ஒரு சுருதிகூட இறங்கவில்லை. பகவான் இருக்கிறார் என்று அள்ளிக்கொண்டு நடந்தான்.

வாசற்படிக்கு ஓரடி மிச்சம் இருந்தபோது மேற்கே மழைக் கருக்கல் கட்டியது. இன்று முடித்துவிட்டால் பட்டுவுக்கு மாம்பலமும் இல்லை, தனக்கு இடுப்புவலியும் இல்லை. பாண்டை நிரப்பித் தலையில் தூக்கி வைத்தான். குறட்டை நின்றது.

"நில்லு ஐயரே."

குப்புராஜ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். ஜல்லித் திருடன் என்று மாடம்பாக்கத்தில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் தாம்பரம் போய்ச் சேர்ந்துவிடும். ஆபீஸில் மெமோ கொடுப்பார்கள். பட்டு வழுக்கி விழாமலேயே பெட்டி கட்டுவாள்.

குப்புராஜ் நிதானமாக எழுந்து வந்தான். போட்டிருந்த ஜல்லிமேல் ஏறி, குதிகாலால் நாலு இடத்தில் மிதித்துப் பார்த்தான்.

"கெட்டியாத்தான் கீது."

"குப்புராஜ்... அது வந்து... நான் எல்லாத்தையும் திருப்பிக் கொட்டிடறேன். ஊர்ல யார்கிட்டேயும் சொல்லிடாதே."

"திருப்பிக் கொட்டறியா? இன்னாத்துக்கு? அன்னிக்கு மனை விக்கச்சொல்ல வழி போட்டுத் தரேன்னேன் இல்ல? அதுக்குத்தான் கல்லு எறக்கினேன். கொட்டறதுக்குத்தான் ஒரு ஆளு கெடைக்காம பேஜாராப் பூட்ச்சு."

ராகவன் தலையிலிருந்த பாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். குப்புராஜ் கொட்டாவி விட்டுக்கொண்டே கட்டிலில் போய்ச் சாய்ந்தான்.

"இன்னும் ரெண்டு பாண்டு கீது பாரு, அதையும் கொட்டிட்டுப் போய்ப் படு."