கோட்டுக்குள் விழுந்தது

திரையில் அந்த ஷட்டில் பந்து இறங்கவே மாட்டேன் என்று அந்தரத்தில் தொங்கியது. அன்று ஒரு மூச்சு விடுவதற்குள் விழுந்துவிட்டதை நெட்டையின் தம்பி தன் படத்தில் இவ்வளவு மெதுவாக இறக்கியிருந்தான். அரங்கத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

ஷட்டில் பின்கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. குட்டை மட்டையைத் தூக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். இறுதிப் போட்டி அதோடு முடிந்தது.

நெட்டை கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் குட்டை.

அந்தப் பெயர்களை வைத்தது ஏதோ ஒரு பத்திரிகை. இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று கூட ஆடியவர்கள் கேலி செய்வார்கள்.

அன்றைய தோல்விக்குக் காரணம் சொன்னவள் நெட்டை. வெளியே போகிறது என்று நினைத்து ‘விடு’ என்று நான்தான் கத்தினேன் என்றாள். மைக் நீட்டிய அத்தனை பேரிடமும் அதையே சொன்னாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கடைக்குப் போனால்கூடப் பின்னாலிருந்து “விடு, விடு” என்று கத்தினார்கள். அணியில் அவளை மறுபடி எடுக்கவே இல்லை. குட்டைக்கு வேறு ஜோடி கிடைத்தது. அடுத்த வருடமே கோப்பையும் கிடைத்தது.

உண்மையில் யாரும் கத்தவில்லை. குட்டை பயந்து உறைந்து நின்றுவிட்டாள், அவ்வளவுதான். உடை மாற்றும் அறையில் அவள் அழுத அழுகையைப் பார்க்கச் சகிக்காமல், நெட்டை பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

அதைப் பற்றி இருவரும் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. என்றைக்காவது குட்டையே வாயைத் திறப்பாள் என்று நெட்டை காத்திருந்தாள். கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு?

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த தம்பிக்கு இது முதல் படம். படம் எடுக்கிறேன் என்று வந்து நின்றபோதே சொன்னான்: “ஸ்கோர் எல்லாருக்கும் தெரியும்க்கா. யார் ஜெயிச்சாங்கன்னு பாக்க ஒருத்தனும் வரமாட்டான். உள்ளுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பாக்கத்தான் உக்காருவான்.”

கேமராவுக்கு முன்னால் நெட்டை பழைய பதிலையே சொன்னாள். அவன் விளக்கை அணைத்தான். கேமராவை மூடிவைத்தான். பசிக்கிறது என்றான். சமையலறையில் தட்டை நீட்டிக்கொண்டே, எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லேன் என்றான்.

கூடப் பிறந்தவன். சொன்னாள்.

இப்போது திரை முழுக்கக் குட்டையின் முகம். ‘நெட்டைதான் விடுன்னு சொன்னா, நான் விட்டேன்’ என்றது அந்த முகம். கண்கூடத் தளும்பியது.

உடனே திரை இருண்டது. தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. நெட்டைக்கு அந்தச் சத்தம் புரிவதற்குள் அவளுடைய குரலே வந்துவிட்டது.

“நான் விடுன்னு சொல்லவே இல்லடா. அவ பயந்துட்டா. வெளிய சொல்லிடாத, பாவம், அவ தாங்கமாட்டா.”

கழுத்தருகே குத்தியிருந்த மைக்கை அவன் அன்று கழற்றவே இல்லை.

அரங்கம் மொத்தமும் ‘ஆ’ என்றது. முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

நெட்டை இருட்டில் துழாவிக் குட்டையின் மணிக்கட்டைப் பிடித்தாள். “சத்தியமா எனக்குத் தெரியாதுடி. இவன் இப்படிப் பண்ணுவான்னு...”

குட்டை கையை உருவிக்கொள்ளவில்லை. திடுக்கிடவும் இல்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள். “முன்னாடியே போட்டுக் காட்டிட்டான்.”

பிறகு குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: “கேமரா முன்னாடி நான் மொதல்ல உண்மையத்தான்டி சொன்னேன். எல்லாத்தையும். ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா படம் படுத்துடும், பழைய மாதிரியே சொல்லுங்கன்னு திரும்ப எடுத்தான்.”

“நீயும் சொன்னியா?”

“உன் பேரு நல்லா வரும்னான்.”

விளக்குகள் எரிந்தன. ஒருவர் எழுந்தார், இருவர் எழுந்தார்கள், வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்தார்கள். எல்லா முகமும் நெட்டையின் பக்கம் திரும்பிப் பூரித்தது. ஒரு முகம்கூடக் குட்டையைப் பார்க்கவில்லை. மேடையில் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நெட்டையை நோக்கி நீட்டினான்.

இத்தனை வருடமாக அவள் எதற்காகக் காத்திருந்தாளோ, அதைக் குட்டை சொல்லியே இருக்கிறாள். யாரும் வற்புறுத்தாமல், தானாகவே. அதைத்தான் தம்பி, படத்துக்கு ஆகாது என்று வெட்டி எறிந்திருக்கிறான்.

“மொதல்ல என்ன சொன்ன?” என்று கேட்டாள் நெட்டை.

குட்டை நிமிர்ந்து அவளைப் பார்த்தே சொன்னாள். உதடுகள் அசைந்தன. கைதட்டலில் ஒன்றும் காதில் விழவில்லை.

இன்னொரு தடவை சொல்லச் சொல்லி நெட்டை கேட்கவில்லை.