ஆவியில் வெந்த மாப்பிள்ளை

மாமியார் சமையலறை வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்பவர்கள் தோற்றார்கள் போங்கள்.

பரீட்சைதான். கல்யாணமான நாளிலிருந்து சமையலறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மகானுபாவர் நம் மாப்பிள்ளை. "ஒரு வேளையாவது நீங்க சமைச்சாத்தான் திரும்பி வருவேன்" என்று மனைவி அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. இன்று சொல்லாமல் கொள்ளாமல் மாமியார் வந்து இறங்கியிருக்கிறார்.

மாப்பிள்ளை அசரவில்லை. மைக்ரோவேவுக்கென்றே விற்கிற பாத்திரங்களை ஒரு செட்டாக வாங்கியாகிவிட்டது. மீனுக்கு ஆவித் தட்டு, அரிசிக்குத் தனி டப்பா, முட்டைக்குக் குழிக் கிண்ணம். அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெரியாதவருக்கு ஆண்டவன் வேறு என்ன வரம் கொடுத்துவிட முடியும்?

"எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கிடையாது அத்தை. சத்தெல்லாம் அப்படியே இருக்கும்" என்றார், அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்ததைத் தானே கண்டுபிடித்த மாதிரி.

மாமியார் கூரையைப் பார்த்தார். "அங்க என்ன மஞ்சளா?"

"முதல் தடவை முட்டை வெச்சப்போ ஸ்பூனால தொட்டேன், வெடிச்சிடுச்சு. கருவைக் குத்திவிட்டுத்தான் வைக்கணுமாம்."

"ம். ஒரு மாசமா அவ சொல்ற குறையைக் கேட்டுக் கேட்டு எனக்கே கண் திறந்துடுச்சு மாப்பிள்ளை."

மாப்பிள்ளை மீன் தட்டை மைக்ரோவேவுக்குள் தள்ளிக் கதவை மூடினார். என்னென்ன சொல்லித் தொலைத்தாளோ.

மாமியாரின் போன் அடித்தது. பெயரைப் பார்த்துத் துண்டித்தார். "உங்க மாமாதான். காலையிலேருந்து விடாம அடிக்கிறாரு."

"எடுங்க அத்தை. ஏதாவது அவசரமா இருக்கப் போகுது."

"சோபாவுல உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன அவசரம்? நீங்க மூடியில ஆவி போற வழியைத் திறந்தீங்களா?"

திறக்கவில்லை. ஓடிப்போய்த் திறந்தார். மீனுக்கு முன்னால் மாப்பிள்ளை வெந்துவிடுவார் போலிருந்தது.

ஒருவழியாக 'டிங்' என்றது. மீன் உடையாமல், காரட்டும் பீன்ஸும் நிறம் போகாமல், சாதம் உதிரி உதிரியாக வந்திருந்தது. செய்தவருக்கே நம்ப முடியவில்லை.

மாமியார் சாப்பிட்டார். கொஞ்சம் உப்பு கேட்டார். அப்புறம் இன்னொரு துண்டு மீன் கேட்டார். மனைவி வருவதும் வராததும் அந்த நாக்கில்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தினமும் நீங்களேதான் சமைக்கிறீங்களா?"

"ஆமா அத்தை. பாத்திரமும் நான்தான் கழுவறேன்."

"சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே இருக்கு. ராத்திரிக்கு என்ன?"

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ். முதல் வகுப்பில் பாஸ். "நீங்க என்ன சொன்னாலும் பண்றேன் அத்தை. அவளை எப்போ அனுப்புறீங்க? அவ இல்லாம வீட்டுக்குள்ள நுழையவே பிடிக்கல."

"அவளால இப்போதைக்கு வர முடியாது மாப்பிள்ளை. அங்க அவங்க அப்பாவுக்கு யாரு சமைச்சுப் போடுறது?"

"ஏன், நீங்க இருக்கீங்களே?"

"நான்தான் கோவிச்சுக்கிட்டு இங்க வந்துட்டேனே."