உப்பு எழுத்து

"இன்னைக்குத்தான் பிரிண்ட் போட்ட போர்டும்மா. அதுக்குள்ள எழுத்தெல்லாம் அரிச்சுப்போன மாதிரி இருக்கே?"

கேட்ட லக்ஷ்மிநாராயணன், மாமல்லபுரம் கடற்கரை ஹோட்டலுக்கு மேனேஜராக வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. போன மாதம் ஹோட்டலுக்கு எதிரே குளிக்க இறங்கிய இரண்டு காலேஜ் பையன்கள் கரை திரும்பவில்லை. பழைய மேனேஜருக்கு வேலை போனது. இன்னொரு உயிர் போனால் ஹோட்டலுக்கே பூட்டுதான்.

போர்டைச் செய்து கொண்டுவந்த ரேணுகா அசரவில்லை. தடித்த எழுத்துகளை அச்செடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்கேன் செய்து அவளே உருவாக்கிய எழுத்துரு அது. பேரே 'உப்பு'. டீ-ஷர்ட்டுக்கும் சினிமா போஸ்டருக்கும் கேட்டு வருகிறார்களாம்.

"டீ-ஷர்ட்டுக்குச் சரி. எச்சரிக்கை போர்டு பளிச்சுன்னு இருக்க வேண்டாமா?" சுவரோரம் சாய்த்திருந்த பழைய போர்டைக் காட்டினார். 'ஆழம் அதிகம். குளிக்காதீர்கள்.' துள்ளும் நீல அலை, வளைந்து நெளிந்த எழுத்து. "இதைப் பண்ணினவன் ரசனைக்காரன். யாருன்னு விசாரிச்சு அவனையே கூப்பிடறேன்."

ரேணுகா பையிலிருந்து போன மாத நியூஸ்பேப்பர் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். அதே போர்டுக்கு முன்னால் தோளில் கைபோட்டுச் சிரிக்கும் இரண்டு பையன்கள்.

"குளிக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ சார். அழகா இருந்தா ஹோட்டல் விளம்பரம்னு நெனச்சிக்கிறாங்க. எழுத்து உப்புக்காத்துல அரிச்சிக் கெடந்தாதான், ரொம்ப வருஷமா இங்க ஆளுங்க செத்துகினு கீறாங்கன்னு பயப்படுவாங்க."

லக்ஷ்மிநாராயணன் உடனே வாட்ச்மேன் அப்பாசாமியைக் கூப்பிட்டுப் புது போர்டை நடச் சொன்னார். பழையதை உடைத்துப் போட்டுவிடச் சொன்னார்.

"உடைக்காதண்ணா, என் ஆட்டோல ஏத்து" என்றாள் ரேணுகா. "கடையில என் கம்ப்யூட்டருக்கு எதிர்ல மாட்டணும்."

இவ்வளவு குறை சொல்லிவிட்டு இதை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

அப்பாசாமி போர்டைத் தூக்கியபோது கீழ் ஓரத்தில் அப்பியிருந்த மணல் உதிர்ந்தது. அங்கே குட்டி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'டிசைன்: ரேணுகா.'