வக்காலத்துத் தாள்

ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகக் காலை வெயில் கஸ்பாரின் மாவுக்கட்டின் மேல் விழுகிறது. பத்து நாளுக்கு முன் தோணியில் பஞ்சுப் பொதி இறக்கும்போது கயிறு அறுந்து, பொதி அவர் வலது காலில் விழுந்தது. இப்போது மடியில் இரண்டு தாள்கள் கிடக்கின்றன. ஒன்றைத் தோணிக் கம்பெனி மேஸ்திரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கொடுத்துவிட்டுப் போனார். மற்றது, கம்பெனி மேல் வழக்குப் போட வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்து. அதைக் கொண்டுவந்த வக்கீல் குமாஸ்தா நெல்லையப்ப பிள்ளை கால்மாட்டில் குடையை ஊன்றி நிற்கிறார். “கேஸ் போட்டா நமக்கு இனி வேலை தருவானா?” என்கிறார் கஸ்பார். மனைவி செசிலி கம்பெனித் தாளை எடுத்து, பாடம் ஒப்பிக்கிற குரலில் வாசிக்கிறாள்: “என் கவனக்குறைவால் இவ்விபத்து நேர்ந்தது.” பிறகு அவரைப் பார்க்கிறாள். “கயிறு அறுந்தது மேல. நீங்க நின்னது கீழ. இதுல ஒங்க கவனம் எங்கன கொறஞ்சுது?” வார்டே சிரிக்கிறது. கஸ்பாருக்கும் சிரிப்பு வருகிறது. கால் அசைந்து வலிக்க, பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்கிறார். “பழகுன மனுசங்க, ஏளா. அவங்க மொகத்துல எப்படி முழிக்க?” “கால் எப்படி இருக்குன்னு மேஸ்திரி ஒரு வார்த்தை கேட்டாரா?” கஸ்பார் வக்காலத்தை எடுத்து மடியில் விரிக்கிறார். பிறகு குமாஸ்தாவிடம் கையை நீட்டுகிறார். “பேனாவத் தாங்க, அண்ணாச்சி.” எழுத்துக்கூட்டி முழுப் பெயரையும் எழுதுகிறார். மை உலர செசிலி ஊதுகிறாள். பக்கத்துக் கட்டிலில், அதே துறைமுகத்தில் கை ஒடிந்த காயல்பட்டினத்துக்காரர் வாவு மெல்லத் தலையைத் தூக்குகிறார். “அந்தத் தாள் இன்னொண்ணு இருக்கா, அண்ணாச்சி?”