மாறிப்போன மனிசி

"ஒப்பரேசனுக்குப் பிறகு இவ ஆளே மாறிப்போனா, டொக்டர்."

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற சோமசேகரம், பக்கத்துக் கதிரையில் தலைகுனிந்திருந்த மனைவி கமலாதேவியைக் கை காட்டினார்.

பார்க்கின்சன் நடுக்கத்துக்கு மூளைக்குள் கம்பி, நெஞ்சுத் தோலுக்குக் கீழே கரண்ட் பெட்டி. சென்னையில் அதை வைத்து மூன்று மாதம். நடுக்கம் நின்றது. வீட்டில் நிம்மதியும் நின்றது.

கொழும்பிலிருந்து மாதம் ஒருக்கா வரும் டொக்டர் மஹ்ரூப், "என்ன செய்யிறா?" என்று கேட்டார்.

"எடுத்ததுக்கெல்லாம் அழுகை! போன கிழமை சோதனைச் சென்றியில ஆமிக்காரனிட்ட, 'தம்பி, உன்ர துவக்கு துருப்பிடிச்சிருக்கு, எண்ணெய் போடு' எண்டு பகிடி விட்டன். அவன் துவக்கைத் தூக்க, இவ அவன்ர காலில விழுறா. என்ர மானம் போச்சு!"

"பிறகு?"

"ரெண்டு வள்ளம் வாங்கினன். இவ மூண்டு நாள் சாப்பிடேல்லை."

"கடலுக்குப் போகத்தான் நேவி தடை போட்டிருக்கே, ஐயா?"

"அதுதான் வள்ளம் மலிவு! இவவுக்கு வியாபாரம் விளங்காது. ஊரடங்கு நேரம் நான் காத்து வாங்கப் புறப்பட்டாலும் படலையைப் பூட்டி, திறப்பை இடுப்பில செருகிறா. முந்தி எவ்வளவு அமைதியான மனிசி!"

"நீங்கள் எப்படி இருக்கிறீங்கள்?"

"பிறந்ததுக்கு இவ்வளவு சந்தோசமா நான் இருந்ததில்லை!"

வெளியே எங்கோ ஷெல் விழுந்து கண்ணாடி யன்னல் அதிர்ந்தது. சோமசேகரம் தாளம் போட்டார்.

"இந்த யுத்தத்துக்குள்ள, திருகோணமலையில? சந்தோசம்தான்" என்ற டொக்டர், கமலாதேவியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, கரண்டைக் குறைச்சு விடட்டோ? நடுக்கம் கொஞ்சம் திரும்பி வரும்."

அவள் முதல் முறையாக வாய் திறந்தாள். "வரட்டும், டொக்டர். நடுக்கத்தோட சீவிப்பன். இதோட ஏலாது."

"கேட்டீங்களோ, தானே ஒத்துக்கொள்ளுறா!" சோமசேகரம் கை தட்டிச் சிரித்தார். "கெதியாச் செய்யுங்கோ."

டொக்டர் கரண்டைக் குறைக்கும் கருவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கமலாதேவியைத் தாண்டி வந்து சோமசேகரத்தின் முன்னால் நின்றார்.

"சேட்டுப் பொத்தானைக் கழட்டுங்கோ, ஐயா. பெட்டி உங்கட நெஞ்சுக்குள்ளதான் இருக்கு."